ஊமை எழுத்து

நாலு புள்ளி வந்தால் எச்.
ஐந்து வந்தால் ஐந்து.
நடுவில் ஒரே ஒரு புள்ளி.
அந்தப் புள்ளியில் மூன்று முறை இடறி விழுந்தவள்
ஒதிலா ஒயார்சுன்,
புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்
கம்பளிப் பொதிகளை நிறுப்பவள்.

நிறுவையில் கால் கிலோ பிசகாது.
தேர்வாளர் விசையைத் தொட்டதும்
புள்ளிகள் ஆலங்கட்டியாய்க் கொட்டும்,
எண்ணுவதற்குள் கரையும்.
இத்தனைக்கும் அவள் ஸ்பானிய மொழியில்
எச் வாய் திறக்காத எழுத்து.
எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள்.
அந்த ஊமை எழுத்துதான்
ஆறு வருஷம் அவள் வாயைப் பொத்தியிருந்தது.

உரிமம் இல்லாதவள் கேட்கலாம், பேசக்கூடாது.
கேட்டாள்.
தெற்குத் தீவொன்றில் ஒருவன்
தன் நாய்க்குக் காய்ச்சல் என்றான்.
என்ன மருந்தென்று தெரியும் அவளுக்கு.
அணைந்த ஒலிவாங்கியிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

ஆகஸ்ட். ஆணிக்கடை மாடியில் கூட்டம்.
காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
தந்திக்குறித் தேர்வு வேண்டுமா, வேண்டாமா?
சங்கத்தின் கருத்தைத் தலைநகருக்கு எழுதவேண்டும்.
"கஷ்டப்பட்டு நுழைந்தவன்தான்
வீட்டைக் கூட்டிப் பெருக்குவான்" என்றார் தலைவர் மாருசிச்.
"மீன்பிடிக்க வந்தவனிடம்
துடுப்பு செதுக்கத் தெரியுமா என்கிறீர்கள்"
என்றது ஒரு தொப்பி.

பிறகு ரோசமெல் பாரியா எழுந்தார்.
கப்பல் பட்டறையில் பற்றவைப்பவர்.
கொதிகலன் வெடித்து இரண்டு காதும் போனவர்.
ஒலிபெருக்கியின் கூம்பில் இரு விரல் வைத்து
உலகத்தைக் கேட்பவர்.
(நமக்குக் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு.
தந்தியின் கோட்டுக்கோ மூன்று.
நம்மிடம் அவ்வளவு நீளம் அளபெடைக்குத்தான்.
அவர் விரல்நுனிக்கு அந்த இலக்கணம் அத்துபடி.)

அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினார்:
"குரல் என் விரலில் சேறு.
புள்ளியும் கோடும்தான் கூழாங்கல்.
தேர்வை எடுத்துவிட்டால்
இனி வருகிறவர்களில் எவன் என்னோடு பேசுவான்?"

தகரம் மட்டும் அடித்துக்கொண்டது.

ஓட்டில்லாத கடைசி நாற்காலியிலிருந்து
ஒதிலா சொன்னாள்:
"உங்களுக்கு ஒரு காது கிடைக்க
எத்தனை வாயைத் தைப்பீர்கள்?"
பக்கத்திலிருந்தவன் அவருக்காக
அதை மரியாதையாக்கி எழுதினான்.
தாளைப் பிடுங்கி,
அடித்து, தான் சொன்னபடியே திருத்திக் கொடுத்தாள்.
படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

பதினொன்றுக்கு ஒன்பது. தேர்வு இருக்கட்டும்.
பத்தொன்பது மாதம் கழித்து
அந்தக் கடிதத்தைப் பிரித்தார்களோ என்னவோ,
தலைநகரிலிருந்து ஒரு தாள் வந்தது: தேர்வு இல்லை.

ஒதிலா பேசினாள்.
நாய் எப்போதோ பிழைத்துவிட்டதாம்.
ஆறு வருஷத்துப் பேச்சை ஒரே மாதத்தில் பேசினாள்,
தொண்டை கட்டியது.

இரவு ஒன்பதுக்கு ரோசமெல் அழைப்பார்:
யாரேனும் உண்டா, யாரேனும் உண்டா.
குமிழைத் திருகும்போது குறுக்கே வரும்.
அவர்தான் என்று தெரியுமளவு தெரியும்.
தாண்டிப் போவாள்.

ஜூன் மாதத்து இரவொன்றில்
மூன்றாவது அழைப்புக்கும் பதிலில்லை.
நாலாவது வந்தது.
சே, என்றாள்.
விசை கிடையாது. இரும்பறுக்கும் தகட்டை
மேசையில் திருகி, கம்பி சுற்றி,
வணக்கம் சொன்னாள்:
ஓலா. முதலெழுத்து எச்.
கை நடுங்கி ஒரு புள்ளி கூடிப்போனது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, மெதுவாக, மிக மெதுவாக:
"ஐந்து அலையா? எங்கே,
ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன்."
எச் இல்லாத ஓலா அவர்களுக்கு அலை.

"உங்கள் கை படுமோசம்" என்றும் சேர்த்தார்.
தெரியும், என்று அடித்தாள்.
மூன்று முறை எழுத்துமூலம் அறிவித்திருக்கிறார்கள்.

இன்றும் ஓட்டெடுத்தால்
அவர் வேண்டும் என்பார், அவள் வேண்டாம் என்பாள்.
அன்றே அதைப் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள்.
நிமிஷத்துக்கு மூன்று சொல்.
விடியும்போது ஜலசந்தியில் உறைபனி.
ரோசமெல் இன்னும்
தன் முதல் காரணத்தின் பாதியில் இருந்தார்.